உழுந்து, பயறு, கௌபிக்கு உயிர்ப்பசளையா, யூரியாவா: வன்னி நிலத்துக்கான முழுமையான வழிகாட்டி

இலங்கையின் வடக்கே வன்னியில் உழுந்து, பயறு, கௌபி, கச்சான், சோயா ஆகியவற்றைப் புதிதாகப் பயிரிடுபவர்களிற் பலர், விதைக்கும் நாளில் பற்றீரியா உயிர்ப்பசளையை விதையிற் பூசிவிட்டு, இரண்டு கிழமை கழித்து யூரியாவையும் அள்ளி வீசி, கடைசியில் எது வேலை செய்தது, எது வீணாயிற்று என்று தெரியாமல் நிற்பதைப் பல போகங்களாகப் பார்த்து வருகிறேன். இவை இரண்டும் ஒன்றோடு ஒன்று கூட்டிக்கொள்ளும் பொருட்கள் அல்ல. யூரியா கூடினால் பற்றீரியாவின் வேலை குறையும். ஆகவே இந்தப் பயிருக்கு நைதரசனை எது கொடுக்கப்போகிறது என்பதை விதைப்பதற்கு முன்னரே தீர்மானித்து, அந்தத் தீர்மானத்துக்கு ஏற்ற ஒழுங்கில் வேலைகளைச் செய்ய வேண்டும். அந்த ஒழுங்கைத்தான் கீழே எழுதுகிறேன்.

1. வேருக்குள் நடப்பது என்ன

அவரையினப் பயிர்களின் வேரில் றைசோபியம் வகைப் பற்றீரியாக்கள் நுழைந்து சிறு முடிச்சுக்களை உண்டாக்குகின்றன. பாடநூல்களில் இவற்றுக்கு வேர்ச்சிறுகணு என்று பெயர். தோட்டத்தில் வேர்முடிச்சு என்றால் எல்லோருக்கும் விளங்கும். காற்றில் ஏறத்தாழ 78 வீதமாக உள்ள நைதரசனை இந்தப் பற்றீரியாக்கள் பயிர் எடுக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்க, பயிர் தன் இலையில் ஆக்கிய சர்க்கரையில் ஒரு பங்கை அவற்றுக்குக் கொடுக்கிறது.

பயிருக்கு இது செலவுள்ள ஏற்பாடு. மண்ணில் நைத்திரேற்று, அதாவது வேர் நேரே உறிஞ்சும் வடிவிலுள்ள நைதரசன், தாராளமாகக் கிடைத்தால், சர்க்கரையைச் செலவழித்து முடிச்சு வளர்க்கும் தேவை பயிருக்கு இல்லை. ஆகவே முடிச்சுக்கள் உண்டாவது குறைகிறது, உண்டானவையும் சோம்பிவிடுகின்றன. பற்றீரியா பூசிய நிலத்தில் யூரியாவைக் கூட்டிப் போடுபவர் இரண்டு செலவையும் செய்து ஒரு பலனையே பெறுகிறார் என்பதற்குக் காரணம் இதுதான்.

அளவைப் பற்றியும் ஒரு கணக்கு மனதில் இருப்பது நல்லது. உழுந்திற் புரதம் ஏறத்தாழ 24 வீதம். அந்தக் கணக்கில் ஓர் ஏக்கரில் 400 கிலோ உழுந்து விளைந்தால், மணியில் மட்டும் சுமார் 15 கிலோ நைதரசன் இருக்கும். யூரியாவில் 46 வீதம் நைதரசன் என்பதால், ஒரு துளியும் வீணாகாமல் பயிருக்குப் போய்ச் சேர்ந்தாற்கூட அது 33 கிலோ யூரியாவுக்குச் சமம். இலையிலும் தண்டிலும் உள்ளது வேறு, ஆவியாகியும் மழையோடு கழுவுண்டும் போவது வேறு. நல்ல முடிச்சுள்ள பயிர் இதிற் பெரும் பங்கைத் தானே தேடிக்கொள்ளும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டு யூரியாவே கிடைக்காமற் போனபோது, நெல்லை நம்பியிருந்தவர்கள் பட்ட பாட்டை நாம் எல்லோரும் கண்டோம். வேரில் முடிச்சு நிறைந்திருந்த கௌபிக்கு அந்த யூரியாத் தட்டுப்பாடு பெரிய பொருட்டாக இருக்கவில்லை.

2. விதைப்புக்கு முன்னர் கையில் இருக்க வேண்டியவை

பயிருக்குப் பொருத்தமான, காலாவதியாகாத உயிர்ப்பசளைப் பக்கற், பொசுபரசு தரும் ரி.எஸ்.பி. பசளை, நன்றாக உக்கிய எரு, சீனி அல்லது பனங்கட்டி, கிணற்றுத் தண்ணீர், அகலமான பேசின் ஒன்று, ஓலைப்பாய் அல்லது சுத்தமான சாக்கு, நிழல் ஆகியவை வேண்டும். நிழலையும் இந்தப் பட்டியலிற் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. புதிதாகக் காடு வெட்டிய அல்லது மீள்குடியேறித் திருத்திய காணிகளில் ஒரு மரங்கூட இல்லாத நிலை இருக்கும். அங்கே விதை பூசும் வேலையை வீட்டுத் திண்ணையிலேயே முடித்துக்கொண்டு போக வேண்டும்.

பக்கற்றுக்கு விதைப்பு நெருங்கும் வரை காத்திருக்க வேண்டாம். எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் பொருள் இதுவன்று. ஒரு மாதத்துக்கு முன்னரே உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரிடமோ கமநல சேவை நிலையத்திலோ விசாரித்து வைத்தால்தான் மழைக்கு முன் கையில் வந்து சேரும்.

3. உங்கள் நிலத்துக்கு உயிர்ப்பசளை தேவையா என்று பாருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் படி இது. மண்ணில் ஏற்கெனவே போதிய பற்றீரியா இருந்தால், பக்கற்றுக்குச் செலவிடும் காசுக்கு மேலதிகப் பலன் மிகக் குறைவாகவே இருக்கும்.

உழுந்து, பயறு, கௌபி, பயற்றங்காய், கச்சான் ஆகிய ஐந்தும் பிரடிறைசோபியம் என்ற ஒரே கூட்டத்துப் பற்றீரியாக்களோடு உறவு கொள்பவை. கௌபி வளர்ந்த மண்ணில் உழுந்துக்கு வேண்டிய பற்றீரியாவும் இருக்கும் என்று பொதுவாக நம்பலாம். காலபோகத்தில், அதாவது மாரிமழைப் போகத்தில், வருடாவருடம் உழுந்து விதைக்கும் மேட்டுநிலங்களிற் பலவற்றில் ஒன்றும் பூசாமலேயே வேர் நிறைய முடிச்சு இருப்பதை இப்படி விளங்கிக்கொள்ளலாம்.

சோயாவின் நிலை வேறு. அதற்குரிய பற்றீரியா தனி இனம், நம் மண்ணில் இயல்பாக இருக்கும் கூட்டத்தை நம்ப முடியாது. முன்னர் சோயா போடாத காணியில் சோயா போடுபவர் உயிர்ப்பசளை பூசியே ஆக வேண்டும். போஞ்சிக்கும் தனி இனமே வேண்டும். அதோடு போஞ்சி, இந்தப் பயிர்களுக்குள் நைதரசன் சேர்ப்பதிற் பலவீனமானது. வீட்டுத்தோட்டத்தில் போஞ்சி நட்டு, கௌபியைப் போல யூரியா இல்லாமல் வளரும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து போகிறார்கள்.

பூசினாற் பலன் தெரியும் நிலங்கள் என்று நான் கண்டவை மூன்று. முதலாவது, புதிதாகத் திருத்திய காடும், இடப்பெயர்வால் நீண்ட காலம் பயிரின்றிக் கிடந்த காணியும். இரண்டாவது, காலபோக நெல் வெட்டிய பின் ஈரத்தோடு பயறோ கௌபியோ போடும் வயல். மாதக்கணக்கில் நீர் நின்ற மண்ணில் இந்தப் பற்றீரியாக்களின் தொகை குறைந்துபோக இடமுண்டு. மூன்றாவது, முல்லைத்தீவுக் கரையோரத்து மணல் நிலம் போல, சேதனப் பொருள் குறைந்து கடும் வெயிலிற் காயும் மண்.

தீர்மானிக்க எளிய வழி, அருகில் ஒன்றும் பூசாமல் வளர்ந்து பூக்கும் நிலையில் உள்ள கௌபிச் செடிகள் ஐந்தாறைத் தோண்டிப் பார்ப்பதுதான். தோண்டும் முறையை 10ஆம் பகுதியில் எழுதியுள்ளேன். ஆணிவேரை ஒட்டிப் பருத்த முடிச்சுக்கள் இருந்து, உள்ளே சிவந்திருந்தால், அந்த நிலத்துக்குப் பக்கற் தேவையில்லை.

4. சந்தேகம் இருந்தால் மூன்று துண்டு நிலம்

வேர் பார்த்தும் முடிவு தெரியாவிட்டால், ஒரு போகம் சிறிய பரீட்சை செய்யுங்கள். பக்கத்துப் பக்கத்தில் 5 மீற்றர் அகலமும் 10 மீற்றர் நீளமும் கொண்ட மூன்று துண்டுகள் போதும். ஒன்றில் எதுவும் பூசாத விதை, இன்னொன்றில் பற்றீரியா பூசிய விதை, மூன்றாவதில் பூசாத விதையோடு யூரியா. யூரியாத் துண்டுக்கு மொத்தம் 750 கிராமை இரண்டாகப் பிரித்து 10ஆம் நாளும் 25ஆம் நாளும் போடலாம். ரி.எஸ்.பி. மூன்றுக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

விதைக்கும் ஒழுங்கு இங்கே மிக முக்கியம். பூசாத விதையை முதலில் விதைத்து முடித்து, பூசிய விதையைக் கடைசியில் விதையுங்கள். நான் முதல் முறை செய்தபோது பூசிய விதையை முதலில் விதைத்துவிட்டு, அதே கடகத்தில், அதே கையால் மற்றத் துண்டுகளுக்கும் விதை கொண்டுபோனேன். பின்னர் கொத்தும்போதும் ஒரே மண்வெட்டிதான். மூன்று துண்டிலும் முடிச்சு வந்தது, ஒரு போகத்து உழைப்பிலிருந்து எதையும் அறிய முடியவில்லை. துண்டுகளுக்கிடையில் ஒரு மீற்றர் இடைவெளியும், மழைநீர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழியாதபடி சிறு வரம்பும் விடுங்கள்.

40ஆம் நாளிற் பார்க்கும்போது யூரியாத் துண்டு மட்டும் கரும்பச்சையாக நின்றால், நிலத்துக்கு நைதரசன் பற்றாக்குறை உண்டு, நீங்கள் பூசிய பற்றீரியா வேலை செய்யவில்லை. யூரியாத் துண்டும் பூசிய துண்டும் ஒத்து நின்று, பூசாதது வெளிறியிருந்தால் உயிர்ப்பசளை உங்கள் நிலத்துக்கு ஏற்றது. மூன்றும் ஒரே பச்சையாக நன்றாக வளர்ந்திருந்தால் மண்ணின் சொந்தப் பற்றீரியாவே போதும். மூன்றும் ஒரே மாதிரி மெலிந்திருந்தால் குறை நைதரசனில் இல்லை. பொசுபரசையோ நீரையோ வடிகாலையோ பாருங்கள். இந்தக் கடைசி நிலையில் யூரியா வாங்குவது பணத்தைக் குளத்தில் எறிவதற்குச் சமம்.

5. பக்கற்றை வாங்குதலும் காத்தலும்

பக்கற்றில் உள்ளது உயிர். எந்தப் பயிருக்கு என்ற பெயர், காலாவதித் திகதி, விதைக் கிலோவுக்கு எவ்வளவு என்ற அளவு ஆகிய மூன்றும் எழுதப்பட்டிருக்காவிட்டால் வாங்க வேண்டாம். சோயாவுக்கானதை உழுந்துக்குப் பூசிப் பலன் தேடக்கூடாது.

நமது நாட்டில் தும்புச்சோற்றில் ஏற்றிய பக்கற்றுகள் உண்டு. வேறு இடங்களில் பீற் எனும் உக்கிய சதுப்புமண்ணில் ஏற்றுவார்கள். எதுவானாலும் உள்ளே இலேசான ஈரம் இருக்க வேண்டும். பிதுக்கிப் பார்க்கும்போது காய்ந்த தூளாகப் பறக்கும் பக்கற்றில் உயிர் மிஞ்சியிருக்க வாய்ப்புக் குறைவு.

வெப்பந்தான் பெரிய எதிரி. 40 பாகை செல்சியசைத் தாண்டினால் இந்தப் பற்றீரியாக்கள் விரைவாக மடியத் தொடங்கும். வவுனியா நகரிலிருந்து மதிய வெயிலில் மோட்டார் சைக்கிள் ஆசனத்தின் கீழ் வைத்துக் கொண்டுவரும் பக்கற் வீடு வரும்போது வெறும் தும்புச்சோறாகிவிடலாம். காலையிலேயே வாங்கி, ஈரச்சாக்கிற் சுற்றிக் கொண்டுவாருங்கள். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் கீழ்த்தட்டில் வைக்கலாம், உறைபெட்டியில் வைக்கக்கூடாது. இல்லாதவர்கள், ஈரமணல் நிரப்பிய மண்பானையைச் சுவரோரமாக நிழலில் வைத்து, அதற்குள் பொலித்தீனிற் சுற்றிய பக்கற்றை வைத்துக் காக்கலாம். தகரக் கூரைக்கு நேர் கீழே தட்டில் வைப்பது கூடாது. பசளை மூட்டைக்கும் பூச்சிநாசினிப் போத்தலுக்கும் பக்கத்தில் வைப்பதும் கூடாது.

6. நிலத்தைத் தயார்செய்தல்

நைதரசனைப் பிடிக்கும் வேலைக்குப் பெருமளவு சக்தி தேவை, அந்தச் சக்தியைக் கடத்துவதற்குப் பொசுபரசு தேவை. பொசுபரசு குறைந்த நிலத்தில் எவ்வளவு நல்ல பக்கற்றைப் பூசினாலும் முடிச்சு கடுகளவிலேயே நின்றுவிடும். ஆகவே யூரியாவிற் சேமிக்க நினைப்பவர் ரி.எஸ்.பி.யிற் சேமிக்க முயலக்கூடாது. அடிக்கட்டுப் பசளையாக, விதைப்பதற்கு ஓரிரு நாள் முன்னர் அதை மண்ணோடு கலந்துவிடுங்கள். அமிலத்தன்மை உள்ள பசளை என்பதால், பூசிய விதையோடு ஒரே பாத்திரத்திற் கலந்து விதைப்பது பற்றீரியாவைக் கொல்லும்.

எருவில் உக்கியதற்கும் உக்காததற்கும் வேறுபாடு உண்டு. நன்கு உக்கிய மாட்டெரு மண்ணின் ஈரத்தைக் காத்து உதவும். கோழிக்கூட்டிலிருந்து நேரே அள்ளிய புதிய எருவைத் தடிப்பாகப் போட்டால், அதிலிருந்து வெளிவரும் நைதரசன் யூரியாவைப் போலவே முடிச்சைத் தடுக்கும். எரு சேதனப் பொருள்தானே, அதனால் தீங்கில்லை என்று நினைத்துச் செய்யும் இந்தப் பிழையை அடிக்கடி காண்கிறேன்.

வடிகாலுக்கு இடந்தோறும் வேறு கவனம் வேண்டும். முடிச்சுக்கும் மூச்சுவிடக் காற்று வேண்டும். வன்னியின் மேட்டுநிலங்களிற் பரந்துள்ள செங்கபில மண்ணில் சரிவுப் பக்கமாக ஒரு வாய்க்கால் போதும். முருங்கன், துணுக்காய்ப் பக்கத்துக் கருங்களியிலும் பள்ளக் காணிகளிலும் கார்த்திகை மழை இரண்டு மூன்று நாள் நின்றாலே வேர் மூச்சுத்திணறி இலை மஞ்சளாகும். அங்கே ஒரு மீற்றர் அகலப் பாத்தியை உயர்த்தி இருபுறமும் கான் வெட்டுவதை விதைப்பதற்கு முன்னரே முடித்துவிட வேண்டும். மழை தொடங்கிய பின் களியில் மண்வெட்டி இறங்காது.

7. விதைக்குப் பூசுதல்

இந்த வேலையை விதைக்கும் அதே நாளில், அதிகாலையிலோ மாலையிலோ, நிழலிற் செய்யுங்கள். பக்கற்றில் வேறு அளவு சொல்லப்படாவிட்டால் 10 கிலோ விதைக்கு 200 கிராம் என்று கொள்ளலாம். உழுந்து, பயறு போன்ற சிறு விதைகளுக்கு இது ஏறத்தாழ ஓர் ஏக்கருக்கான விதை.

ஒட்டவைப்பதற்கு ஒரு பசை வேண்டும். அரை லீற்றர் தண்ணீரில் 50 கிராம் சீனி அல்லது பனங்கட்டி கரைத்துக் காய்ச்சி, முற்றாக ஆறவிடுங்கள். வடித்த கஞ்சியும் ஆகும். பசை விதையோடு பற்றீரியாவை ஒட்டிப் பிடிப்பதுடன், அது உடனே காய்ந்துபோகாமலும் காக்கிறது. புறங்கையில் ஒரு துளி விட்டுப் பார்க்கும்போது சூடு சிறிதும் தெரியக்கூடாது. அவசரத்தில் இளஞ்சூட்டுக் கஞ்சியிலேயே பக்கற்றைக் கொட்டுவதுதான் இந்தப் படியில் நடக்கும் முதற் பிழை, கண்ணுக்குத் தெரியாத பிழையும் அதுதான். விதை கறுப்பாக அழகாகப் பூசப்பட்டிருக்கும், உயிர் இருக்காது. குளோரின் கலந்த குழாய்நீரும் வேண்டாம், கிணற்றுநீரே நல்லது.

விதையை அகலமான பேசினில் இட்டு, பசையில் 250 மில்லிலீற்றர் அளவை மட்டும் சிறிது சிறிதாகத் தெளித்துக் கையாற் புரட்டுங்கள். எல்லா விதையும் மினுங்கத் தொடங்கியதும் பக்கற்றைத் தூவி மீண்டும் புரட்டுங்கள். விரல்களை அகட்டி அடியிலிருந்து மேலே தூக்கித் தூக்கி விடவேண்டும், அழுத்திப் பிசையக்கூடாது. சரியான பதம் வந்ததும் ஒவ்வொரு விதையும் மெல்லிய கரும்பொடிப் போர்வையோடு தனித்தனியாக உருளும். உள்ளங்கையில் அள்ளிக் கவிழ்த்தால் இரண்டு மூன்று விதைதான் ஒட்டி நிற்க வேண்டும். கொத்தாக ஒட்டினாற் பசை கூடிவிட்டது, இன்னும் சிறிது தூள் சேருங்கள். பேசினின் அடியில் தூள் உதிர்ந்து கிடந்தாற் பசை போதவில்லை.

நீர் கூடினால் வேறொரு சேதமும் உண்டு. சோயாவின் தோல் சுருங்கி வெடிக்கும். கச்சான் பருப்பின் சிவந்த தோல் கழன்றுவிடும், கழன்ற பருப்பு மண்ணில் அழுகும். எனவே கச்சானுக்கு விதையிற் பூசுவதை நான் சொல்வதில்லை. பக்கற்றை உக்கிய எருத்தூளோடு ஈரமாகக் கலந்து, விதைக்கும் சாலில் விதைக்குக் கீழே இட்டு மூடுவது பாதுகாப்பானது.

பூஞ்சணநாசினி கலந்த விதை என்றாலும் இதே வழிதான். நிறமூட்டி விற்கப்படும் விதை பெரும்பாலும் மருந்து பூசியது. அந்த மருந்துகளிற் பல, குறிப்பாகக் கப்ரன், பற்றீரியாவுக்கும் நஞ்சாகும். அத்தகைய விதையின் மேல் நேரே பூசாமல், சாலில் இடுங்கள்.

பூசிய விதையைப் பாயில் மெல்லியதாகப் பரப்பி, அரை மணிநேரம் நிழலில் உலரவிட்டால் போதும். எஞ்சியதை மறுநாளுக்கு வைக்க வேண்டாம்.

8. விதைத்தல்

பற்றீரியா பூசிய விதை ஈரமண்ணில் மட்டுமே விழ வேண்டும். மழையை எதிர்பார்த்து வறண்ட மண்ணிற் புழுதி விதைப்பாக நெல்லை விதைக்கும் பழக்கத்தில், உழுந்தையும் அப்படியே விதைப்பவர்கள் உண்டு. விதை இரண்டு கிழமை காத்திருக்கும், அதன் மேலுள்ள பற்றீரியா அந்த வெயிலைத் தாங்காது. காலபோகத்தின் முதல் மழைகள் பெய்து, ஒரு பிடி மண்ணை இறுக்கினால் உருண்டையாக நிற்கும் ஈரம் வந்த பின்னரே பூசுங்கள்.

வரிசையில், 3 முதல் 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் இட்டு உடனே மண்ணால் மூடுவதே சிறந்தது. ஒருவர் சால் இழுத்துக்கொண்டே முன்னால் போக, விதை வெயிலில் திறந்து கிடக்கும் இடைவெளி நீண்டுவிடுவதைக் கவனித்திருக்கிறேன். ஒரு சாலை விதைத்து மூடிய பின்னரே அடுத்த சாலைத் திறக்க வேண்டும். வீசி விதைப்பதைத் தவிர வேறு வழியில்லாத பெரிய காணியில், மாலை நான்கு மணிக்குப் பின் விதைத்து, இருட்டுமுன் உழுது மறைத்துவிடுங்கள்.

9. பக்கற் கிடைக்காவிட்டால்

உழுந்து, பயறு, கௌபி, கச்சான் ஆகியவற்றுக்குப் பழைய வழி ஒன்று உண்டு. முடிச்சு நன்றாக உள்ள அதே கூட்டத்துப் பயிர் நிற்கும் காணியிலிருந்து, 5 முதல் 15 சென்ரிமீற்றர் ஆழத்து ஈரமண்ணை வேரோடு வெட்டியெடுத்து, ஏக்கருக்கு 100 முதல் 200 கிலோ வரை சாலில் இட்டு அன்றே மூடலாம். மாலையில் வெட்டி ஈரச்சாக்கிற் கொண்டுபோக வேண்டும். மண்ணோடு நோயும் களைவிதையும் வரும் என்பதால், வாடல் கண்ட காணியிலிருந்தும், வட்டப்புழு எனும் மண் நுண்புழுவால் வேர் வீங்கிய காணியிலிருந்தும் ஒரு கடகம் மண்கூட எடுக்கக்கூடாது. சோயாவுக்கு இந்த வழி, முன்னர் சோயா நன்றாக முடிச்சுவிட்ட காணி அருகில் இருந்தால் மட்டுமே பயன்படும்.

10. மூன்றாம் கிழமையின் மஞ்சளும் வேர் பார்த்தலும்

முளைத்த தொடக்க நாட்களில் பயிர் தன் விதைப்பருப்பில் இருந்ததைத் தின்று வளர்கிறது. முடிச்சுக்கள் 10 முதல் 14 நாளிற் கண்ணுக்குத் தெரியத் தொடங்கினாலும், அவை பயிரைத் தாங்கும் அளவுக்கு வேலை செய்ய மூன்று நான்கு கிழமை ஆகும். இடையில் உள்ள சில நாட்களில் இலை சற்று வெளிறும். புதியவர்கள் யூரியாப் பையை அவிழ்ப்பது இந்த நாட்களிற்றான். பக்கத்துக் காணி கரும்பச்சையாக நிற்கும்போது பொறுத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதை அறிவேன். ஆனாலும் இந்த வெளிறலுக்குப் பயந்து போடும் யூரியா, அப்போதுதான் உருவாகும் முடிச்சுக்களைத் தடுத்து, இறுதிவரை யூரியாவையே எதிர்பார்க்கும் பயிராக அதை ஆக்கிவிடும்.

பொறுப்பது என்றால் பார்க்காமல் இருப்பது அன்று. 25ஆம் நாள், காணியின் ஐந்து இடங்களில் இரண்டிரண்டு செடிகளைத் தோண்டுங்கள். செடியைக் கையாற் பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே அறுந்து நிற்க, வெறும் வேர்தான் கையில் வரும். அதைப் பார்த்து முடிச்சே இல்லை என்று முடிவெடுத்தவர்கள் பலர். செடியைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, மண்கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரிற் கால் மணிநேரம் ஊறவிட்டு, மெதுவாக ஆட்டிக் கழுவுங்கள்.

இனி ஒரு முடிச்சை நகத்தாற் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாகவோ இரத்தச் சிவப்பாகவோ இருந்தால் அது வேலை செய்கிறது. நமது இரத்தத்தில் உள்ளதைப் போன்ற, இரும்பு சேர்ந்த ஒரு புரதமே அந்த நிறத்துக்குக் காரணம். வெள்ளையாக இருந்தால் இன்னும் முதிரவில்லை, அல்லது பயனற்ற இனம் புகுந்திருக்கிறது. ஒரு கிழமை விட்டு மறுபடி பாருங்கள். பச்சையாகவோ மண்ணிறமாகவோ இருந்தால் வேலை முடிந்து அழியும் முடிச்சு. ஆணிவேரின் மேற்பகுதியைச் சுற்றிப் பருத்த முடிச்சுக்கள் திரண்டிருப்பது, மண்ணிற் பற்றீரியா குறைந்த காணியில், விதையிற் பூசிய பற்றீரியா பிடித்ததற்கு அடையாளம். பக்கவேர்களில் மட்டும் சிதறியிருந்தால் அது பெரும்பாலும் மண்ணில் ஏற்கெனவே இருந்த கூட்டத்தின் வேலை.

வட்டப்புழு வீக்கத்தை முடிச்சு என்று எண்ணிவிடக் கூடாது. முடிச்சு வேரின் பக்கத்தில் மணிபோல ஒட்டியிருக்கும், விரலால் உரசினால் கழன்று வரும். வட்டப்புழு தாக்கினால் வேரே தடித்து வீங்கியிருக்கும், கழலாது. அதேபோல் இலை மஞ்சளையும் பிரித்துப் பாருங்கள். நைதரசன் குறைந்தாற் கீழ் இலைகள் முதலில் முழுவதுமாக வெளிறும். மஞ்சள் மொசைக் வைரசு தாக்கினால் இளம் இலைகளில் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகத் தெரியும். அதைப் பரப்புவது வெள்ளை ஈ. அதற்கு யூரியா மருந்தாகாது.

11. யூரியாவுக்கு உரிய இடம்

யூரியாவை முற்றாக விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதற்கு இரண்டு சந்தர்ப்பங்கள் உண்டு.

ஒன்று, தொடக்கத்திற் போடும் சிறு அளவு. சேதனப் பொருள் மிகக் குறைந்த மணல் நிலத்தில், முடிச்சு வேலை தொடங்கும் வரை பயிர் தாக்குப்பிடிக்க ஏக்கருக்கு 10 முதல் 14 கிலோ வரை அடிக்கட்டாகப் போடலாம். ஒரு 50 கிலோ மூட்டை மூன்றரை முதல் ஐந்து ஏக்கருக்குக் காணும் அளவு இது. இந்த அளவு முடிச்சைப் பெரிதாகத் தடுப்பதில்லை. விதையோடு படாதபடி 5 சென்ரிமீற்றர் தள்ளி இடுங்கள், விதைக்கு அருகில் கரையும் யூரியாவிலிருந்து வரும் அமோனியா முளையைக் கருக்கும். எருப் போட்ட செங்கபில மண்ணுக்கு இதுவும் தேவைப்படாது.

மற்றது, முடிச்சு பிடிக்காமற் போன பயிரைக் காப்பாற்றுவது. 25ஆம் நாளும் ஒரு கிழமை கழித்தும் தோண்டிப் பார்த்தும் சிவந்த முடிச்சு இல்லை, கீழ் இலைகளும் வெளிறுகின்றன என்றால், அதற்குப் பின் பொறுப்பதிற் பயனில்லை. பயறு 60 முதல் 65 நாளில் முடியும் பயிர், அதற்கு இழக்க நாளில்லை. ஏக்கருக்கு 25 முதல் 30 கிலோ யூரியாவை, பூக்கத் தொடங்குமுன், மண் ஈரமாக இருக்கும் மாலையில், வரிசையிலிருந்து நான்கு விரல் தள்ளிச் சிறு சாலில் இட்டு மூடுங்கள். காய்ந்த மண்ணின் மேல் வீசினால் அமோனியாவாகப் பறக்கும், பெருமழைக்கு முன் வீசினாற் கழுவுண்டு போகும். சோயாவுக்கு இந்த அளவு போதாது, இரண்டு கிழமை கழித்து இன்னொரு முறை போட வேண்டிவரும்.

நல்ல முடிச்சுள்ள பயிருக்கும் ஊட்டமாக இருக்கட்டும் என்று யூரியா போடுபவர்கள் கொடியும் இலையும் செழித்து, பூப் பிந்தி, மழையிற் சாய்ந்து கிடக்கும் பயிரைக் காண்பார்கள். அந்த இளம் தளிருக்கு அழுக்கணவன் பூச்சி முதலில் வரும். காய் எண்ணிக்கை கூடாது.

12. அறுவடையும் அடுத்த போகமும்

உழுந்தை வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோவது நமது வழக்கம். இயலுமானால் அரிவாளால் அடியில் அறுத்து, வேரை மண்ணிலேயே விடுங்கள். சூடடித்த பின் எஞ்சும் கொடியையும் கோதையும் எரிக்காமல் அதே காணியிற் பரப்புங்கள். பயிர் சேர்த்த நைதரசனிற் பெரும் பங்கு மணியோடு போய்விடுகிறது. நிலத்துக்கு மிஞ்சுவது இந்தக் கொடியிலும் வேரிலும் உள்ளதுதான். உழுந்து போட்டதாலேயே அடுத்த நெல்லுக்கு யூரியாவைப் பாதியாக்கலாம் என்று கொடியையும் எரித்துவிட்டுக் கணக்குப் போடுபவர்களின் நெல் வெளிறிப்போகும்.

முடிச்சு நன்றாகப் பிடித்த காணியில் அடுத்த வருடமும் அதே கூட்டத்துப் பயிர் போடுவதானால், மீண்டும் பக்கற் வாங்குமுன் 3ஆம் பகுதியிற் சொன்னபடி சில செடிகளைத் தோண்டிப் பாருங்கள். இடையில் நீண்ட காலம் நீர் நின்ற வயலுக்கும், கடும் வரட்சியைக் கண்ட மணல் நிலத்துக்கும் மறுபடி பூசுவதே நல்லது. எந்தக் காணியில், எந்தத் திகதியில், எந்தப் பக்கற்றைப் பூசினீர்கள், 25ஆம் நாளில் செடிக்கு எத்தனை சிவந்த முடிச்சு இருந்தது என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த காலபோகத்துக்குப் போதனாசிரியரிடம் போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள்.